அத்தர் வேண்டாம்

ஆகஸ்ட் 4
கொடியில் சாஹிலின் துணியைவிட என் துணிதான் அதிகம். இந்த மழையில் எதுவும் காய்வதில்லை. அவனைப் பெற்ற நாளிலிருந்து சிறுநீர் என் சொல் கேட்பதில்லை, சொட்டிக்கொண்டே இருக்கிறது. நாற்பது நாள் கழிந்தால் நிற்கும் என்று மாமி லேகியம் கிண்டினார். நாற்பது எப்போதோ கழிந்தது. பிள்ளை குப்புற விழுகிறான், மாமி இன்னும் லேகியம் கிண்டுகிறார். என் வீட்டுக்காரர் ஷமீல், ஜூ டவுனில் இருக்கும் தன் கடையிலிருந்து இன்னொரு அத்தர் குப்பி கொண்டுவந்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9
எங்கே உட்கார்ந்து எழுந்தாலும், ஈரம் பட்டிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 17
ஷமீலின் தங்கை அன்ஸியாவுக்கு நிச்சயம். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.
போதும். எனக்கு என்ன வயசாச்சு? சாகிற வரைக்கும் இப்படியேவா இருக்கணும்?

ஆகஸ்ட் 20
சாஹிலுக்கு ஊசி என்று வீட்டில் பொய் சொல்லி, அன்ஸியாவை மட்டும் கூட்டிக்கொண்டு டாக்டர் சுபாஷிணியிடம் போனேன். மூத்திரப்பைக்குள் நீல மருந்து ஏற்றி, பிறப்புவழியில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சு நீலமானது.
“இது பலவீனம் இல்லைம்மா. பிரசவம் இழுத்ததுல பிள்ளையோட தலை அழுத்தி மூத்திரப்பையில ஓட்டை விழுந்திருக்கு. லேகியம் அதை அடைக்காது. ஆபரேஷன் பண்ணணும். ஏன் இவ்வளவு நாள் வரலை?”
அங்கேயே அழுதேன். வைத்தியம் இருக்கிறதாம். இத்தனை மாதம் ஒருத்தரும் சொல்லலையே.

ஆகஸ்ட் 21
வீட்டில் சொல்லிவிட்டேன். மாமி குரலைத் தாழ்த்தினார். “அன்ஸியாட கல்யாணம் கழியட்டும் மோளே. மாப்பிள்ளை வீட்டுல அறிஞ்சா…”
“அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன் மாமி.”
“மைனி நனைஞ்சு நிக்கிற கல்யாணம் எனக்கும் வேண்டாம்மா,” என்று என் பக்கம் வந்து நின்றாள் அன்ஸியா.
ஷமீல் பக்கம் திரும்பினேன். “மச்சான், இனி அத்தர் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க,” என்றேன்.
நாளைக்குக் கடை திறக்கவில்லை, கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சாயா குடிக்காமலே எழுந்தார்.

செப்டம்பர் 12
ஆபரேஷன் முடிந்தது. குழாய் மாட்டியிருக்கிறது. குழாயில் தொங்கும் பையை மாமியே காலி செய்தார். முகம் சுளிக்கவில்லை.

அக்டோபர் 3
குழாயை எடுத்துவிட்டார்கள். படுக்கை காய்ந்திருக்கிறது. மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 22
அன்ஸியாவின் மைலாஞ்சி. பெண்களெல்லாம் வெள்ளை விரிப்பில். நானும் நடுவில் உட்கார்ந்து ஒரு கைக்கு மருதாணி வைத்துக்கொண்டேன். சாஹில் அழுகிறான் என்று மாமி கூப்பிட, எழுந்து ஓடினேன். அவனுக்குப் பால் கொடுக்கும்போதுதான் நினைவு வந்தது — நான் திரும்பிப் பார்க்கவில்லை.