அண்ணாதுரை பெயரில் வந்த கட்டி

மும்பை

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ஒரு பெண்ணுக்கு மறுபடியும் ஊசி குத்தச் சொன்னேன். அது சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு இங்கே வந்திருக்கும் கீழ்வேளூர்ப் பூவிழியின் மார்புக் கட்டியில் ஊசியால் எடுத்த சதையில் புற்றுநோய் தெரிந்தது. ஆனால் சதை வந்த குப்பியின் சீட்டில் அவள் அப்பா பெயரை முன்னால் போட்டு, அண்ணாதுரை என்ற ஆணாகப் பதிந்திருந்தார்கள். நம் ஊர் இனிஷியல் குழப்பம்தான் என்று தோன்றியது. தோன்றியதை நம்பி ஆய்வகத் தலைவியான நான் கையெழுத்துப் போட முடியாது; சதை வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

"அப்ப அது என்னோடதா இல்லாமலும் இருக்கலாங்களா?" என்று பூவிழி சிரித்தபடி ஊசிக்குப் படுத்தாள்.

நான் நலம். வடகம் அனுப்புங்கள். போனில் பேசும்போது பம்புசெட்டை நிறுத்த வேண்டாம், சத்தம் கேட்கட்டும். வேலை கூப்பிடுகிறது.

சுபத்ரா

மறுநாள் சேர்த்தது: அதே முடிவுதான். நானே போய்ச் சொன்னேன். பூவிழி, "என்னோடதா இருக்காதுன்னு நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேங்க" என்றாள்.