அவரைக் கேட்டு வாங்கிய அச்சு

6 டிசம்பர் 1943, திங்கள்

மரவள்ளிக் கிழங்கு, கீரை, ஒரு கீற்றுத் தேங்காய். கீரை முற்றல். ஆனாலும் வயிறு நிறைந்தது, குறை சொல்லமாட்டேன்.

ஆங்கிலத்தில் எழுதிய பழைய குறிப்புகளை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். பானையில் அரிசி இல்லாததால் இடம் தாராளம். சோதனைக்கு வரும் ஜப்பான்காரர்களிடம் ஆங்கிலம் எழுதும் கிழவி என்ன பதில் சொல்வாள்? கான்வென்டில் பரிசு வாங்கிய கையெழுத்து அது. என் தமிழ் எழுத்து கோணல். எழுத எழுத நேராகும்.

என் மருமகள் மல்லிகா இன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கோணிச்சாக்கை முக்காடு போட்டிருந்தும் தொப்பலாக நனைந்திருந்தாள். குருபோங் ஏற்றத்தில் மிதித்தபோது மளுக்கென்று ஒரு சத்தம். இடது பெடல், அதைப் பிடித்திருக்கும் கிராங்க் எல்லாம் கழன்று காலோடு வந்துவிட்டதாம். மருத்துவச்சிக்குச் சைக்கிள் இல்லையென்றால் எப்படி? தம்பின் ரயில் பாதையையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கரி எரித்து ஓடும் பஸ் நினைத்த நாளில்தான் ஓடுகிறது.

"எனக்கு ஒண்ணும் ஆகல அத்தை. பூங்காவனத்தை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

குருபோங்கில் இருக்கிறாள் அந்தப் பெண். முதல் இரண்டு பிள்ளைகளும் கால் முதலில் வந்து, பக்கத்தில் ஆளில்லாமல் போய்விட்டன. இது மூன்றாவது. தை பாதிக்குள் பிறக்கும் என்று மல்லிகா கணக்கிட்டிருக்கிறாள்.

கதவுக்குப் பின்னால், காலமான என் கணவருடைய மழைக்கோட்டு தொங்குகிறது. நில அளவைக்குப் போகும்போது போட்டது, நல்ல எண்ணெய்த்துணி. மல்லிகா ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய பொருளை இந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை. தூசி தட்டுவதும் நான்தான்.

8 டிசம்பர், புதன்

சைக்கிளைச் சுப்பையனிடம் கொண்டுபோனோம். மரத்தடியில் கடை போட்டிருக்கிறான். கழற்றிக் காட்டினான். இரண்டு கிராங்குகளையும் குறுக்கே இணைக்கும் அச்சு முறிந்திருந்தது. அச்சைத் தாங்கும் கப் இரண்டில் ஒன்றும் விரிசல். இங்கிலீஷ் சாமான், இனி கப்பலில் வரப்போவதில்லை.

தகரடப்பாவைக் கவிழ்த்து வேறொரு அச்சையும் கப்பையும் எடுத்தான்.

"எல்லாம் ஒண்ணுதான் பெரியம்மா. ரெண்டு தட்டு தட்டினா உக்காந்துரும்."

"தட்டி உட்கார வைக்க இது நாயா? கொடு இப்படி."

வீட்டுக்கு எடுத்துவந்தேன். மரவள்ளி மாவை இறுகப் பிசைந்து, பழைய கப்பின் திருகுப் புரியை ஒரு பக்கமும் புதியதன் புரியை மறுபக்கமும் அழுத்தினேன். மூக்குக்கண்ணாடியும் தையல் நாடாவும் வைத்துக்கொண்டு எண்ணினேன். லினன் துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணச் சொல்லி, பிசகினால் விரலில் அடிப்பார் எங்கள் கான்வென்ட் தையல் மதர். அன்று அழுதேன். இன்று அவருக்கு நன்றி. பழையதில் அங்குலத்துக்கு இருபத்தாறு வரி. சுப்பையன் கொடுத்ததில் இருபத்து நான்கு. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு சட்டத்தில் கப் ஏறும் கூட்டின் புரியையே தின்றுவிடும். அதன்பின் எந்தக் கப்பும் நிற்காது.

போய்ச் சொன்னேன். சுப்பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"கல்யாணத்துக்குத்தான் பொருத்தம் பாப்பாங்க. நீங்க கப்புக்கும் பாக்கறீங்க."

"பார்க்காமல் கட்டிவைத்தால் யார் கஷ்டப்படுவது?"

"அதுவும் சரிதான்லா" என்றான். நல்ல பையன்தான். அவசரம்.

11 டிசம்பர்

மழை. மல்லிகா நடந்தே போனாள். நடந்தே வந்தாள்.

15 டிசம்பர், புதன்

ஆயர் குரோவில் ஒரு பிரசவம். மல்லிகா போய்ச் சேரும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. மாமியார்க்காரி தைரியசாலி, தாயும் பிள்ளையும் சுகம். கடவுளுக்கு நன்றி. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மல்லிகா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். குதிகால் இரண்டும் வெடித்திருக்கின்றன.

"இவங்களுக்கு லேட்டாப் போனேன், பரவால்ல. பூங்காவனத்துக்கு லேட்டாப் போனா மூணாவதும் போயிரும் அத்தை. எனக்குத் தெரியும்."

சிரம்பானில் வேலை பார்க்கும் என் மகன் தேவதாஸ் இங்கே இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பான்? அவனும் அச்சைத் தட்டித்தான் ஏற்றச் சொல்லியிருப்பான்.

19 டிசம்பர், ஞாயிறு

மீனாச்சி வேலியோரம் வந்தாள், தட்டில் மரவள்ளிப் பலகாரத்தோடு. செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டி எங்கள் பின்வேலியோடு தொடங்குகிறது. முதல் வீடு அவளுடையது. என்னைப் போலவே கணவனை இழந்தவள். பேரில் மட்டும் தமிழ், பேச்செல்லாம் மலாய். என்னைவிட இளையவள் என்பதால் 'காக்' என்று கூப்பிடுவாள், அக்கா என்கிறாற்போல. இத்தனை வருஷமும் அவள் பலகாரத் தட்டை நான் மறுநாளே நிரப்பித் திருப்பி அனுப்பிவிடுவேன். யாரிடமும் பாக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது.

மல்லிகா நடப்பதைப் பார்த்திருக்கிறாள். "வா காக்" என்று தன் வீட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஓலைகளுக்கு அடியில் அவள் கணவர் அண்ணாமலையின் சைக்கிள்! ஜப்பான்காரர்கள் வண்டிகளைப் பிடுங்க வந்தபோது சக்கரங்களைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்கு மேல் போட்டு, "பழைய இரும்பு, துவான்" என்றாளாம். சட்டம் துரு. ஆனால் மல்லிகாவின் வண்டியைச் செய்த அதே இடத்தில் செய்தது.

மறுபடி மாவு பிசைந்தேன். கப்பின் விளிம்பில் வெளியே தெரிந்த புரியில் அழுத்தி எண்ணினேன். இருபத்தாறு! பின்னல் ஊசி அளக்கும் தகட்டின் துளையில் காட்டர் பின்னை நுழைத்துப் பார்த்தேன். அதே பருமன். கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு அது. மயிரிழை மெலிந்தாலும் கிராங்க் ஆடும்.

"என்ன வேண்டும், சொல். என் பட்டுப்புடவை இருக்கிறது" என்றேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. ஒன்றும் வேண்டாம், ஆனால் "தஞ்ஞா டியா டுலு" என்றாள். முதலில் அவரைக் கேட்க வேண்டுமாம். பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் பார்ச்சு படைப்பார்கள், இறந்தவர்களுக்கு இலை போட்டு. அன்றைக்குத்தான் அவர் வருவார். அன்றைக்குக் கேட்பாளாம்.

செத்தவரிடம் உத்தரவா! வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் கத்திவிட்டேன் — "அது வரைக்கும் நீ நடக்க வேண்டுமா? பைத்தியக்காரத்தனம்!"

"அவங்க புருஷன் சாமான் அத்தை" என்றாள் மல்லிகா. அவ்வளவுதான் சொன்னாள்.

தட்டு காலியாக என் சமையலறையில் இருக்கிறது. என்ன போட்டு நிரப்புவது?

3 ஜனவரி 1944, திங்கள்

சுப்பையன் எங்கிருந்தோ ஒரு ஜப்பான் அச்சு கொண்டுவந்தான். விரிசல் விட்ட நம் பழைய கப்பில்கூட உட்கார்ந்தது. மகிழ்ச்சியோடு கிராங்கைப் பூட்டினான். சுற்றினால் சட்டத்தில் இடிக்கிறது. அச்சு கட்டை. நீளமானதாக இருந்தாலும் செயின் கோணலாக ஓடும். கிராங்க், பின், அச்சு, கப், எல்லாம் ஒரே குடும்பமாக வந்தால்தான் சரி.

"இனிமே நீங்களே கடையப் பாத்துக்குங்க பெரியம்மா" என்று எழுந்து போய்விட்டான். போகும்போது அச்சை வைத்துவிட்டுப் போனான், பேப்பர் வெயிட்டுக்கு ஆகுமாம்.

9 ஜனவரி, ஞாயிறு

மீனாச்சி படையலுக்கு உதவி கேட்டாள். போனேன். தேங்காய் துருவினேன். அவள் துருவல் கரடுமுரடு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சரி காக், சரி காக்" என்று சிரித்தாள்.

அவளாகவே கேட்டாள்: உன் ஆளுக்கு என்ன பிடிக்கும்?

அவர் போனதிலிருந்து இதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. எப்படி இறந்தார், எந்த இலாகா, பென்ஷன் வருகிறதா — கேட்டதெல்லாம் அதுதான்.

"காப்பி" என்றேன். "பால் இல்லாமல். கொதிக்கக் கொதிக்க."

அப்படியானால் கொண்டு வா என்றாள்.

13 ஜனவரி, வியாழன்

காப்பிக்கொட்டைக்கு எங்கே போவேன்? சோளத்தை வறுத்துப் பொடித்துக் கொதிக்க வைத்து எடுத்துப்போனேன். அவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் காலம் புரிந்தவர்.

வாழையிலைகள் வரிசையாக. எங்கே சேர்த்து வைத்திருந்தாளோ, அரிசிச் சோறு கொஞ்சம். கருவாடு, சம்பால், பழம். அண்ணாமலைக்குச் சுருட்டு. என் குவளைக்கு ஓரத்தில் இடம் விட்டிருந்தாள். விளக்கு, சாம்பிராணி. பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே நின்றோம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ரகசியக் குரலில்தான் பேசினேன்.

மீனாச்சி மட்டும் உள்ளே போனாள். குரல் கேட்டது. அபாங் என்று கணவரைக் கூப்பிட்டாள்; உங்கள் வண்டியின் கிராங்கையும் அச்சையும் எடுக்கிறேன், விற்க இல்லை, பிள்ளை பிறப்பதற்கு. அப்புறம் சத்தமே இல்லை. திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னார்?" நான் கேட்டுவிட்டேன். நான்!

ஒன்றும் சொல்லவில்லை என்றாள். என் முகம் மாறியதைப் பார்த்துத் தோளில் தட்டினாள். உயிரோடிருந்தபோது முடியாது என்றால் கம்போங் முழுக்கக் கேட்கக் கத்துவாராம். சும்மா இருந்தால் சம்மதமாம்.

14 ஜனவரி, வெள்ளி

பொங்கல். சர்க்கரை இல்லாத பொங்கல், சோறே இல்லாத பொங்கல். ஆனாலும் பொங்கல்தான்.

சுப்பையன் வரும்வரை பொறுக்காமல் நானும் மீனாச்சியும் அண்ணாமலையின் சைக்கிளிலிருந்து கப்பைக் கழற்ற உட்கார்ந்தோம். இடதுபக்கம் சுலபமாக வந்தது. வலதுபக்கம் அசையவில்லை. இடப்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும் என்று நான் அடித்துச் சொன்னேன். இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு பக்கம் ஸ்பானரில் தொங்கினோம்.

சுப்பையன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"ஐயோ பெரியம்மா! செயின் பக்கத்துக் கப்பு எதிர்ப்புரி. கழட்டல நீங்க, இறுக்கிக்கிட்டு இருக்கீங்க!"

மீனாச்சிக்குத் தமிழ் புரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. எத்தனை வருஷம் ஆயிற்று இப்படிச் சிரித்து?

எல்லாவற்றையும் கழற்றி மல்லிகாவின் வண்டிக்கு மாற்றினான், பேரிங் குண்டுகளைத் தேங்காயெண்ணெயில் கழுவிப் போட்டான். புரி வெண்ணெயில் போவது போலப் போயிற்று. கிராங்கைச் சுண்டிவிட்டான். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை.

"பொருத்தம் பத்தும் சரி" என்றான்.

22 ஜனவரி

மல்லிகா காலையில் குருபோங் போய்ப் பூங்காவனத்தைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை இன்னும் திரும்பவில்லையாம். கால் கீழே.

27 ஜனவரி, வியாழன்

விடிந்ததும் பூங்காவனத்தின் கணவன் மருதமுத்து ஓடிவந்தான். வலி கண்டுவிட்டது. வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. மல்லிகா பையை எடுத்தாள், கோணிச்சாக்கை எடுத்தாள்.

"நில்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று அவரைக் கேட்டேன். வேண்டாம் என்றால் தொண்டையைச் செருமுவார், எழுத்தரிலிருந்து எஜமான் வரை அதற்குப் பயப்படுவார்கள். காத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும்தான்.

மழைக்கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டேன். கை நீளம், மடித்து ஊசி குத்திவிட்டேன்.

"அத்தை, இது மாமாவோட —"

"தெரியும். போ."

பிற்பகலில் திரும்பினாள். பெண்பிள்ளை. கால் முதலில்தான் வந்தது. இவள் கை அங்கே இருந்தது. அழவே மாட்டேனென்று இருந்ததாம், அப்புறம் மழையை மிஞ்சி அழுததாம். இருவரும் சுகம்.

மீனாச்சியிடம் சொல்ல வேலிக்குப் போனேன். கையில் அவள் தட்டு, வெறும் தட்டு. வாங்கிக்கொண்டாள். பிறகு அவள் உள்ளே போய், அண்ணாமலையிடம் சொல்லும் குரல் கேட்டது.

கோட்டு கதவுக்குப் பின்னால் சொட்டிக்கொண்டிருக்கிறது. தரையில் குட்டையாக நீர். துடைக்கவில்லை. இருக்கட்டும்.