இருவர் மிதிக்கும் படகு

என் கோபக்காரிக்கு,

வெளியே நல்ல வெயில். "நீங்களே தனியாப் போய் ஊரைச் சுத்திட்டு வாங்க" என்று ஓட்டல் அறைக் கதவைச் சாத்தினாயே, சுற்றிவிட்டு வந்தேன்.

பேராலயத்துக்குப் பின்னால் ஆற்றில் மிதிபடகு விடுகிறார்கள். இருவர் மிதிக்க வேண்டியதாம். நான் ஒருவனே ஒரு பக்கம் சாய்ந்து மிதித்ததில் அது ஒரே இடத்தில் வட்டமடித்தது. கோபுரத்தை முப்பது தடவை பார்த்துவிட்டேன். புல்வெளியில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டை மறந்து என்னைப் பார்த்தார்கள்.

படகுக்காரர் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தார். "கூட ஆள் வரலையா சார்?"

"தலைவலி" என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

நேற்று நாம் வழி தவறியதற்கு வரைபடத்தைக் குறை சொன்னேனே, வரைபடம் காரணமில்லை. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

சாயங்காலம் வரை வெயில் இருக்குமாம். இடது பக்க மிதி உன்னுடையது.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே, இன்னும் தலை சுற்றிக்கொண்டு நிற்பவன்