பட்டியலில் பதினோராவது பெயர்

மார்ச் 3, செவ்வாய்

சங்கத்துக்குப் பேர் வைக்க இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டில்கூட இவ்வளவு சண்டை நடந்திருக்காது.

ராணுவத்தில் எங்களோடு இருந்த டிரைவர் இப்போது நடத்துகிற ஓட்டுநர் பள்ளியின் மாடியில் கூடினோம். பதினோரு பேர், ஒன்பது நாற்காலி. சுவரெல்லாம் சாலை விதிப் படங்கள். கேப்டன் ‘இங்கே திரும்பக் கூடாது’ படத்துக்குக் கீழே உட்கார்ந்து தலைமை தாங்கினார். பேரில் ‘வீரர்’ வந்தே ஆக வேண்டும் என்றார். ‘கைதி’ வரவே கூடாது, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்கள் என்றார் இன்னொருவர்.

“கைதியா இருந்தோம்னுதானே கூடியிருக்கோம்? இல்லைன்னா நமக்குள்ள என்ன பொருத்தம்?” என்றார் டிரைவர்.

கடைசியில் ‘முன்னாள் போர்க்கைதிகள் நலச் சங்கம்’ என்று முடிந்தது. செயலாளர் நான். என் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறதாம். நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ராணுவ நர்ஸாக இவர்களோடு ஒன்பது மாதம் முள்வேலிக்குள் இருந்தது எல்லாம் இரண்டாம் பட்சம்தான்!

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை அக்காவிடம் காட்டினேன். முப்பத்தாறு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவள். பேனாவைத் திறந்துகொண்டேதான் படிப்பாள். “போர்க்கைதி — நடுவில க் போடுடி. ஒற்று இல்லாம அரசாங்கத்துக்கு அனுப்பினா மானம் போயிடும்.”

மார்ச் 5, வியாழன்

இந்த வயதில் எதற்கு ஒரு சங்கம் என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

மாஸ்டருக்காக. எங்கள் சமையல்காரர். முகாமில் ஒரு பிடி அரிசியை நாற்பது பேருக்குக் கஞ்சியாக்கினவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் டம்ளருக்குள் விரல் நுனியை விட்டு, சூடு தட்டுகிறதா என்று பார்த்துத்தான் டீ ஊற்றினார். படைவீரர் மருத்துவமனையில் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது: ‘உத்தரவின்றிப் பணியிடத்தை விட்டகன்றவர்.’ முகாமில் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஓடிப்போய் மாட்டிக்கொண்டவன் என்று வைத்துவிட்டார்கள். போர்க்கைதி என்ற பேர்கூடக் கிடைக்கவில்லை.

தனியாளாகப் போனால் நல அலுவலகத்தில் காது கொடுப்பதில்லை. ‘அங்கீகாரம் பெற்ற சங்கம் மூலமா வாங்க’ என்பார்கள். அங்கீகாரம் கிடைத்தால், உறுப்பினருடைய பழைய பதிவைத் திருத்தச் சொல்லிச் சங்கமே மேல்முறையீட்டுக் குழு முன்னால் நிற்கலாம்.

அந்த வரி எனக்கு மனப்பாடம். ஏன் என்று இன்றைக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 12, வியாழன்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அங்கீகார அதிகாரி சின்னப் பெண், முப்பத்தைந்து இருக்கும். மேஜையில் கோப்பு அடுக்கு அவள் தலைக்கு மேலே. குரல் மட்டும் முதலில் வந்தது.

படிவத்தில் ‘உறுப்பினரின் மனைவி பெயர்’ என்று ஒரு கட்டம். எனக்கு நேரே ‘மனைவி இல்லை, அக்கா உண்டு’ என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்ல பெண்.

‘சங்கம் தொடங்கக் காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று வரும்போதே டிரைவரைக் கேட்டிருந்தேன். “போர்ல ஆரம்பிச்சுது, இப்ப வீட்ல போரடிக்குதுன்னு எழுதுங்க சிஸ்டர்.” எழுதவில்லை. ஆசையாக இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைவரின் கையெழுத்து மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கிறதாம். கேப்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்பவே ஆயிரம் பேருக்கு உத்தரவு போட்ட கை இது!” பிறகு மாடியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு நோட்டு முழுக்கக் கையெழுத்துப் பழகினார். மாஸ்டர் டீயை வைத்துவிட்டு, “இன்னும் நாலு பக்கம் எழுதினா பாஸாயிடுவீங்க சார்” என்றார்.

“உன் டீல சக்கரை கம்மி.” அது கேப்டன். வழக்கம்போல.

ஏப்ரல் 2, வியாழன்

அதிகாரி போன் செய்தாள். பத்துப் பேருடைய பதிவு சரி. பதினோராவது பெயர் — மாஸ்டர் — போர்க்கைதிப் பட்டியலில் இல்லை. “குறைந்தபட்சம் பத்துப் பேர் இருந்தா போதும் மேடம். அந்த ஒரு பேரை எடுத்துட்டு ஒரு கடிதம் குடுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிடும்.”

உதவி செய்கிற குரலில்தான் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 4, சனி

கூட்டம். கேப்டன் சொன்னது: இப்போதைக்குப் பேரை எடுப்போம், அங்கீகாரம் வந்ததும் முதல் வேலையாக அவருக்காகப் போராடுவோம். தலைகள் ஆடின. டிரைவர் மட்டும் விதிப் புத்தகத்தில் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து படித்துக்கொண்டே இருந்தார். “சங்கம் உறுப்பினருக்காகத்தான் வாதாடலாம்னு போட்டிருக்கு. உறுப்பினர் இல்லாதவனுக்கு எப்படிப் போராடறது, தெருவுல நின்னா?”

மாஸ்டர் எழுந்தார். “என் பேரை எடுத்துடுங்க. எனக்காகப் பத்துப் பேர் எதுக்கு நிக்கணும்? டீ போடறதுக்கு உறுப்பினரா இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து, நடவடிக்கைக் குறிப்பில் அந்த வாக்கியத்தை எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். முடிவு அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்த அன்று, கள மருத்துவக் கூடாரத்தில் ஆறு பேர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். வாசலில் கடைசி லாரி. ஏற்கெனவே அடிபட்டவர்கள் நிரம்பி, விளிம்பில் மாஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தார். சமையல் பிரிவு கிளம்ப வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. லாரி நகர ஆரம்பித்துவிட்டது. நான் கத்தினேன். “இறங்குங்க! போகாதீங்க! ஆறு பேரை நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்? இறங்குங்கன்னு சொல்றேன்!”

இறங்கிவிட்டார். பைக்குள்ளிருந்து கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தார். சாயங்காலம் எங்களைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஆறு பேரையும் ஒவ்வொருவராகத் தூக்கி முகாமுக்குக் கொண்டு வந்தது அவர்தான்.

விடுதலையாகி வந்ததும் விசாரணை. எனக்கு இருபத்து மூன்று வயது. “சமையல்காரரை இறங்கச் சொன்னது யார்?” என்று கேட்டார்கள். நர்ஸுக்கு அதிகாரி அந்தஸ்து. நான் சொன்னால் அது உத்தரவு. மேலதிகாரி உத்தரவுக்கு எதிராக உத்தரவு போட்டவள் என்று என்னை... வேலை போய்விடும் என்று பயந்தேன். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான் அப்போது.

“யாரும் சொல்லலை”ன்னு சொல்லிட்டேன்.

மூணே மூணு வார்த்தைகூட இல்லை. அதுக்கு ஒரு மனுஷன் நாற்பத்து நாலு வருஷம் ஓடிப்போனவன். எனக்கு மெடல் குடுத்தாங்க. நான் போய் வாங்கிட்டு வந்தேன்! எப்படி வாங்கினேன்? இத்தனை வருஷம் அவர் கையால டீ வேற குடிச்சிட்டு —

ஏப்ரல் 6, திங்கள்

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டையும் மடித்து வைத்தாள்.

“அப்ப என் வாத்தியார் படிப்புக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிட்டு இருந்தே.”

“அதுக்காகச் சொல்லலை அக்கா.”

“எனக்குத் தெரியும், நீ வாயை மூடு. பிரமாணப் பத்திரமா எழுது. பிழை நான் பாத்துக்கறேன். ஆனா அந்த மனுஷன்கிட்ட முதல்ல சொல்லு. காகிதம் அப்புறம்.”

ஏப்ரல் 8, புதன்

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாதவர் அவ்வளவு வேகமாக உரிப்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது. சொல்ல வந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

“எனக்குத் தெரியும் சிஸ்டர். விசாரணை அறிக்கையைக் காட்டித்தானே என்னை வேலையை விட்டு அனுப்பினாங்க.”

தெரியும்! நாற்பத்து நாலு வருஷமாகத் தெரியும்.

“கோவமே வரலையா?”

“வராம? பத்து வருஷம். ரெண்டு இடத்துல பொண்ணு பாத்து, விசாரிச்சுட்டு வேண்டாம்னாங்க. ரெண்டு தடவையும் உங்களைத்தான் திட்டினேன், நல்லா வாய் நிறைய. அப்புறம் கல்யாணம் ஆச்சு. மக பொறந்தா. ராத்திரியெல்லாம் அழுவா, பகல்லே எனக்கு ஓட்டல்ல வேலை. கோவப்பட எங்க நேரம்?”

நான் அழுதேன். “வெங்காயத்தை நான் உரிக்கறேன், நீங்க ஏன் அழறீங்க?” என்றார். பிறகு மெதுவாக, “உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க கத்தறதுக்குள்ளயே ஒரு காலைக் கீழ வெச்சுட்டேன்.”

“ஐயோ, அதைக் குழுகிட்ட சொல்லித் தொலைச்சுடாதீங்க!”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், மாடிவீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

ஏப்ரல் 11, சனி

கூட்டத்தில் பிரமாணப் பத்திரத்தை நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். கால் மணி கழித்து வந்து, என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

படுத்துக் கிடந்த ஆறு பேரில் கேப்டனும் ஒருவர். நினைவில்லாமல் கிடந்தார். தன்னைத் தூக்கினது யார் என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நாற்காலியை மாஸ்டர் பக்கம் திருப்பிப் போட்டார்.

“பேரை எடுக்கணும்ங்கற யோசனையை வாபஸ் வாங்கறேன்” என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சக்கரையும் சரியாத்தான் இருக்கு” என்றார்.

“இன்னிக்கு நிஜமாவே போட மறந்துட்டேன் சார்” என்றார் மாஸ்டர்.

பேர் இருக்கட்டும் என்று ஒருமனதாக முடிவு. கிடைத்தால் பதினோரு பேருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

ஏப்ரல் 15, புதன்

அதிகாரி பிரமாணப் பத்திரத்தை இரண்டு தடவை படித்தாள். “இது உங்களுக்கே பாதகமா முடியலாம் மேடம். பென்ஷனைக்கூட விசாரிக்கலாம். யோசிச்சீங்களா?”

“நாற்பத்து நாலு வருஷமா யோசிச்சாச்சும்மா.”

முத்திரையை எடுத்துக் குத்தினாள். சங்கத்துக்கு இன்னும் அங்கீகாரம் இல்லாததால், வழக்கத்துக்கு மாறாக, மேல்முறையீட்டுக் குழுவுக்கு அவளே ஒரு குறிப்பு எழுதி மேலே இணைத்தாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.

மே 6, புதன்

பதில் இல்லை. அக்கா தினமும் தபால்காரரை முறைக்கிறாள்.

மே 19, செவ்வாய்

குழு. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார்: “இவ்வளவு காலம் ஏன் சொல்லலை?”

எழுதி வைத்துக்கொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை. “முதல்ல பயம். அப்புறம் வெட்கம். அப்புறம் பழகிடுச்சு சார்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். மாஸ்டரைக் கூப்பிட்டு, ஏன் இறங்கினீர்கள் என்றார்கள். நான் கத்துவதற்குள் கீழே வைத்த அந்த ஒரு காலைப் பற்றி ஆரம்பித்துவிடுவாரோ?

“சிஸ்டர் உத்தரவு போட்டாங்க. இறங்கினேன்” என்றார். கையை விறைப்பாகத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, நேரே பார்த்து. எதிரே இருந்தவர்கள் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 9, செவ்வாய்

வந்துவிட்டது! பதிவு திருத்தப்பட்டது. ‘அதிகாரியின் உத்தரவின்படி காயமடைந்தோருடன் தங்கி, சிறைப்பட்டவர்.’

எனக்குத் தனியாக ஒரு கடிதம்: பொய் வாக்குமூலம் அளித்ததற்காகக் கடுமையாக எச்சரிக்கப்படுகிறேன். பென்ஷனில் கை வைக்கவில்லை. அக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்து, “எச்சரிக்கைல ரெண்டு பிழை. இவங்க யாரு உன்னை எச்சரிக்க?” என்றாள். கொடுத்த எச்சரிக்கை நியாயம்தான். பத்திரமாக மெடலோடு வைத்திருக்கிறேன், ஒரே பெட்டியில்.

ஜூன் 18, வியாழன்

அங்கீகாரச் சான்றிதழ். பதினோரு பேர். அதிகாரியே ஓட்டுநர் பள்ளி மாடிக்கு வந்து கொடுத்தாள். கேப்டன் இருபது நிமிஷம் உரையாற்றினார். டிரைவர் சுவரில் ஆணி அடிக்கும்போது மூன்றாவது முறையாகக் கட்டைவிரலில் அடித்துக்கொண்டு, “போர்லகூட எனக்குக் காயம் படலை” என்றார்.

ஜூலை 8, புதன்

படைவீரர் மருத்துவமனையில் புரை அறுவை ஆகி, மாஸ்டருக்கு வலது கண் கட்டுப் பிரித்தார்கள். வார்டில் நான் பக்கத்தில் நின்றேன். சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சிஸ்டர், இவ்ளோ வயசாயிடுச்சு உங்களுக்கு?” என்றார். டாக்டர் திரும்பி நின்று சிரித்தார்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

இன்று சங்கத்துக்கு ஒரு அம்மா வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். கணவர் கீழே ஆட்டோவில் இருக்கிறார், படி ஏற முடியாது. அவரும் முகாமில் இருந்தவராம், வேறு முகாம். ‘காணாமல் போனவர்’ என்றே இன்னும் பதிவில் இருக்கிறது. “எதிர்ல உக்காந்திருக்கற மனுஷனைக் காணோம்னு சொல்றாங்க. நான் யாரோட குடும்பம் நடத்தினேன்?” என்று கேட்டாள்.

நான் படிவத்தை எடுப்பதற்குள் மாஸ்டர் அதை என் கையிலிருந்து வாங்கிவிட்டார், பேனாவையும். கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கிப் போனார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆட்டோவுக்குள் அந்த மனிதருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து, காகிதத்தைத் தள்ளிப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“பேரைச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்லை” என்பது மேலே வரைக்கும் கேட்டது.