எடை குறைந்ததற்குக் கிடைத்த கைதட்டல்

ஏப்ரல் 21, செவ்வாய்

மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அனுப்பவேண்டிய புகார். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1. ஜனவரி 8: சர்க்கரை நோய்ப் பிரிவில் என் மனைவி இருமலைப் பற்றிச் சொன்னாள். இரத்த அழுத்த மாத்திரையால் வருவது என்று மாத்திரையை மாற்றினார்கள். நியாயமான ஐயம்தான்.

2. பிப்ரவரி 5: மாற்றியும் நிற்கவில்லை என்றாள். "இது சுகர் ஓ.பி.ம்மா. இருமலுக்கு செவ்வாய்க்கிழமை நெஞ்சு டாக்டரைப் பாருங்க" என்று பதில். சீட்டு எழுதித் தரவில்லை.

3. பிப்ரவரி 10: சீட்டு இல்லை என்று நெஞ்சு நோய்ப் பிரிவு திருப்பி அனுப்பியது.

4. மார்ச் 5: எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. உணவு ஆலோசகர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

5. ஏப்ரல் 17: இருமலில் இரத்தம். நேற்று முடிவு வந்தது. காசநோய்.

நான்காவதை எழுதியபோது கை நின்றுவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துலகூட எனக்கு யாரும் கைதட்டினதில்லைங்க."

ஏப்ரல் 23, வியாழன்

எனக்கும் மகளுக்கும் பரிசோதனை. இருவருக்கும் ஒன்றுமில்லை. மனைவி தனியாக முன்னறையில், ஜன்னல்கள் எல்லாம் திறந்தபடி.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பது மருத்துவப் பாடநூலில் இருக்கிறது. அதைப் படித்துத் தேறியவர்கள்தான் அந்த இரண்டு அறைகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஒரே ஒரு நடைபாதை. அதை யாருமே தாண்ட மாட்டார்களா?

ஏப்ரல் 25, சனி

அவளுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. காசநோய் மாத்திரையினால்தான், பயப்பட வேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். "இந்த ஒண்ணையாவது முன்கூட்டிச் சொன்னாங்களே" என்றாள்.

மே 2, சனி

மைத்துனன் வந்தான். "மாமா, கேஸ் போடுவோம். அந்த டாக்டரைக் கோர்ட்ல நிக்க வைக்கணும்."

முன்னறையிலிருந்து அவன் அக்காவின் குரல்: "டேய், அந்த மனுசன் ஒரு காலைல நூறு பேரைப் பாக்கறாரு. நிக்க வைக்கறது இருக்கட்டும், முதல்ல அவரைக் கொஞ்சம் உக்கார வை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு வந்தது.

மே 7, வியாழன்

அவளுடைய சர்க்கரை மாத்திரைகளை வாங்கச் சர்க்கரை நோய்ப் பிரிவுக்குப் போயிருந்தேன். அங்கே மறுபடியும் கைதட்டல். இம்முறை எழுந்து நின்றவர் ஒரு தையல்காரம்மா. தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்கிறது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் கைக்குட்டைக்குள் இருமினார்.

அருகில் போய்க் கேட்டேன்: "சாப்பாட்டைக் குறைச்சீங்களாம்மா?"

"குறைக்கறதுக்கு என்ன சார் இருக்கு? பசியே எடுக்கல. அதனால கஷ்டமே தெரியல."

என் மனைவியும் மார்ச்சில் இதே சொற்களைத்தான் சொன்னாள்.

"இருமல்?"

"அது துணித் தூசு."

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். "டயட் அம்மாவே பாராட்டறாங்க, உங்களுக்கு என்ன சார் வந்துச்சு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உணவு ஆலோசகரிடம் போனேன். "நல்லாப் போயிட்டிருக்கறப்ப ஏன் சார் பயமுறுத்தறீங்க?" நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்க வேண்டுமோ?

மே 8, வெள்ளி

மனைவிக்கு அந்த அம்மாவைத் தெரியும். மாதாமாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கம். "நீங்க பரீட்சை ஹால்ல கேக்கற மாதிரி கேட்டிருப்பீங்க. போனைக் குடுங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். கடைசியில் காதில் விழுந்தது ஒன்றுதான்: "எனக்கும் கைதட்டினாங்கக்கா."

மே 12, செவ்வாய்

வெளியே போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முகக்கவசத்துடன் அவளே தையல்காரம்மாவை நெஞ்சு நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே.

"சீட்டு எங்க?" என்றார் செவிலியர்.

இவள் தன் எக்ஸ்ரே படத்தை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். "பிப்ரவரில என்கிட்டயும் இதையேதான் கேட்டீங்க. சீட்டுக்குப் பதிலா இது கெடச்சுது."

செவிலியர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். படம் எடுத்தார்கள். சளியும் வாங்கிக்கொண்டார்கள்.

மே 15, வெள்ளி

தையல்காரம்மாவுக்கும் அதுவே. ஆரம்ப நிலை. இன்றே மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.

மே 16, சனி

மனைவியின் எடை முக்கால் கிலோ கூடியிருக்கிறது. "இப்ப தட்டுங்க பாக்கலாம்" என்றாள். நானும் மகளும் தட்டினோம்.

ஐந்து குறிப்புகளும் கடிதத்தில் அப்படியே இருக்கின்றன. மருத்துவர்மீது நடவடிக்கை கோரிப் பிறகு சேர்த்திருந்த பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். கோபம் தணிந்துவிட்டதால் அல்ல; அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. கடிதம் இப்படி முடிகிறது:

"தங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவில் எடை குறைந்ததற்காக எழுப்பி நிறுத்திப் பாராட்டப்பட்டவர்களில் இருவருக்குக் காசநோய் உறுதியாகியுள்ளது. அவ்விருவரையும் கண்டறிந்தது அந்தப் பிரிவு அல்ல. எஞ்சியோர் அனைவரையும் திரும்ப அழைத்து, இருமலும் பசியின்மையும் உண்டா எனக் கேட்டு, நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் சீட்டு கேட்கக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை இன்னொருவர் அங்கே எழுந்து நிற்பார். ஆகவே புதன்கிழமை, மே 20, மாலை ஐந்து மணிக்குள் தங்கள் பதில் எழுத்துமூலம் எனக்கு வந்து சேர வேண்டும்."