ஒண்ணும் பண்ணாது, வா

14.6.09, ஞாயிறு
காலையிலேயே அனல். நூலகப் புத்தகம் இரண்டு திருப்ப வேண்டும். போகவில்லை.

மதியம் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவின் மகள் ரிஸ்வானா (ஆறு வயது) எங்கள் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தாள். வாசலில் எங்கள் பிரவுனி சோறு தின்றுகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அக்கா, நாயி."

புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னேன்: "ஒண்ணும் பண்ணாது, வா."

முழங்காலுக்குக் கீழே நான்கு பல். அம்மா பதறிப்போய்ச் சுண்ணாம்பை அப்பினாள். தடுக்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "சோப்பு போட்டுக் கழுவ மாட்டீங்களா? படிச்சவங்கதானே?" என்னைப் பார்த்துத்தான். முதல் ஊசி. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டுமாம்.

15.6, திங்கள்
உப்புமா. காலையில் நான்தான் கிண்டினேன்.

தெருவெல்லாம் இதே பேச்சு. "வாலப் புடிச்சி இழுத்திருக்கும்." "திங்கற நாய்கிட்ட எதுக்குப் போவணும்?" அம்மாவும் அதையே சொல்கிறாள். நான் ரவை டப்பாவைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய டப்பா.

சுவருக்கு அந்தப் பக்கம் நூர்ஜஹான் அக்கா: "பொய் வேற சொல்றியா?" அடி விழுந்த சத்தம். என்ன பொய்?

16.6, செவ்வாய்
சங்கிலி மட்டும் கிடந்தது. மாமா விடியற்காலையில் கிள்ளைக்கு மீன் எடுக்கப் போகிற வேனில் பிரவுனியை அப்பா ஏற்றி அனுப்பிவிட்டார்.

"பத்து நாள் பாக்கச் சொன்னாங்களேப்பா."

"கேஸு கீஸுன்னு போனா யாரு அலையறது? மீன் எறக்கற எடம், பொழச்சிக்கும்."

சாயங்காலம் சுவரோரம் நூர்ஜஹான் அக்கா. "நாய் நல்லாருக்கா?" அம்மா: "பின்னாடி கட்டிப் போட்டிருக்கு." நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாத் துணியையும் எடுத்தேன், காயாததையும்.

17.6, புதன்
இரண்டாவது ஊசி. நானும் போனேன். நர்ஸ்: "நாய் இருக்கா? பத்து நாள் அதுக்கு ஒண்ணும் ஆவலன்னா டாக்டர கேட்டு நிறுத்திக்கலாம்."

"கண்ணு முன்னாடியே இருக்கு சிஸ்டர்," என்றார் அக்கா. என்னிடம், "நிறுத்திட்டா சிதம்பரம், எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். ஊசின்னா இது ராத்திரியெல்லாம் அழுவுது."

வெளியே பாயசக் கலரில் ஐஸ் விற்கிறவன். ரிஸ்வானா அதையே பார்த்தாள். அக்காவிடம் சொல்லிவிட்டேன். நாய் இல்லை, கிள்ளையில் விட்டாச்சு, ஊசியை நிறுத்தாதீங்க. உள்ளே வான்னு கூப்பிட்டதும் நான்தான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. மகள் பக்கம் திரும்பி, "நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னேன். அந்தக்கா அப்படிச் சொல்லியிருக்காதுன்னு நீதான் அடிச்ச."

ஆட்டோவில் அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டார்.

18.6, வியாழன்
மாமா வேனில் கிள்ளைக்கு. அப்பா முகம் கொடுக்கவில்லை. பையில் சங்கிலி, பிஸ்கட், தண்ணீர்.

கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே ரிஸ்வானா, காலில் கட்டு.

"கெடச்சா கூட்டிட்டு வருவீங்களா?"

"ம்."

"கடிக்குமா?"

"தெரியலடா. நீ தள்ளி நில்லு."