சட்டி வைத்த வீடு

2005 மே 4, புதன்

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே புடவை முதுகில் ஒட்டுகிறது.

பஞ்சாயத்துத் தொகுப்பு வீட்டுக்கு நேற்று சென்ட்ரிங் பலகை பிரித்தார்கள். போய்ப் பார்த்தேன். இன்ஜினியர் தம்பி சொன்னபடியேதான். செங்கல்லை நிறுத்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய சுவர். கூரை கான்கிரீட்டுக்குள் வரிசையாகக் கவிழ்த்த மண்சட்டிகள். சிமெண்ட், கம்பி எல்லாம் குறைவு. வெயில் உள்ளே இறங்காது, ஃபேன்கூட வேண்டாம் என்கிறார். எனக்குப் பிடித்துத்தான் தீர்மானம் போட்டேன். ஆனாலும் அண்ணாந்து பார்த்தபோது கொஞ்சம் பகீரென்றது. அத்தனை சட்டியும் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்க்கின்றன.

என் வீட்டுக்காரரும் வந்தார். தேர்தலில் ஜெயித்தது நான், ஊரில் ‘தலைவரே’ என்று கூப்பிடுவது அவரை. பார்த்துவிட்டு, "இன்னா இது, கொயவன் கடையைக் கவுத்து வெச்சாமாரி கீது" என்றார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. தெருமுனை வரை சிரித்தார்கள்.

கேஸ் புக் செய்ய வேண்டும்.

மே 6, வெள்ளி

பஞ்சாயத்துக் கூட்டம். மோர் தீர்ந்துபோனது, ஆனால் பேச்சு தீரவில்லை.

பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பார்வையிட வருவார்கள். வீட்டில் ஆள் குடியேறி இருக்க வேண்டும். இல்லையென்றால் இதே மாதிரி கட்ட வேண்டிய மீதி ஒன்பது வீடும் வேறு பஞ்சாயத்துக்குப் போய்விடும். ஒன்பது குடும்பம். எல்லாரும் ஓலைக் குடிசையில் இருப்பவர்கள்.

வார்டு மெம்பர் தனபால் எழுந்து, சுவர் நடுவில் ஓட்டை இருந்தால் பாம்பு குடிவரும், அதுதான் முதல் ஆள் என்றார். மினிட்ஸில் எழுதவா என்று கிளார்க் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். தனபாலுக்கு மெயின் ரோட்டோரம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வாடகை ரூம் வரிசையே இருக்கிறது. கம்பெனி வேலைக்கு வந்த தெக்கத்திப் பையன்கள் ரூமுக்கு ஐந்து பேர் ஆறு பேராக வேகிறார்கள். வீடு கட்டுவது பற்றி அவர் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

மே 9, திங்கள்

வீடு கன்னியம்மாவுக்கு. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். விடியும் முன்னே போய் பகல் ஒரு மணிக்குத் திரும்புவாள். புருஷன் ஏழுமலை, ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் இரவு வாட்ச்மேன். குடிசையில் பகலில் படுக்க முடியாமல் பஸ் நிழற்குடையில் தூங்குகிற ஆள். இந்த இருவரைவிட அந்த வீடு யாருக்குத் தேவை என்றுதான் நினைத்தேன்.

இன்று வந்து பார்த்தார்கள். கன்னியம்மா ஒரு சுற்று சுற்றினாள். ஏழுமலை அண்ணாந்தபடியே நின்றார். பிறகு சொன்னார்: "தலைவரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. கண்ணு முயிச்சதும் மேல பாத்தா காலி சட்டி. ஒண்ணு இல்ல, வூடு முச்சூடும் காலி சட்டி. அப்பால எங்கேர்ந்து சோறு வெளங்கும்?"

சிரிப்பு வந்தது. அடக்கியதில் விக்கல்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மே 10, செவ்வாய்

கன்னியம்மாவைத் தனியாகப் பிடித்தேன், ரேஷன் கடையில். சட்டி எல்லாம் அந்த ஆள் பேச்சு என்றாள். அவளுக்கு மனக்குறை வேறு. வெளிச்சுவர் பூசவில்லை. "செங்கல்லு தெரியிற வூடு, பாதியில காசு தீர்ந்துபோன வூடு மாரி கீது. எங்க ஜனம் வந்தா இன்னான்னு சொல்லுவேன்? கவர்மெண்ட்டு எங்களுக்குன்னா பூச மாட்டாங்களான்னு கேப்பாங்கோ."

பூசாமல் விட்டால் சிக்கனம், பார்க்கவும் அழகு என்று இன்ஜினியர் தம்பி சொன்னதும் நான் தலையாட்டினேன். என் வீடு உள்ளும் வெளியும் பூசி டிஸ்டம்பர் அடித்தது. அவள் கேட்டது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மனசு சரியில்லை.

இரவு ரசம் மட்டும்.

மே 13, வெள்ளி

அடுத்த பெயர்களையும் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒருவருக்குப் பாம்பு. ஒருவருக்குச் சட்டி. ஒருவர் மட்டும் சரி என்றார். சாயங்காலம் அவர் மாமியார் வந்து முடியாது என்றார்.

தனபால் டீக்கடையில் சொன்னாராம்: "பஞ்சாயத்து வூடு, பஞ்சாயத்தே குடிபோவட்டும்."

என் வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அதிசயம். பயமாக இருக்கிறது.

மே 16, திங்கள்

முன்பக்கச் சுவருக்கு மட்டுமாவது பூச்சு வைக்கலாமா என்று அளந்து பார்க்கப் போனேன். பகல் பன்னிரண்டு. கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை, கம்பியால் கட்டி வைத்திருந்தோம். கம்பி அவிழ்ந்து கிடந்தது. உள்ளே மூன்று பேர். பயந்து ஊரைக் கூட்டியிருப்பேன், குறட்டைச் சத்தம்தான் தடுத்தது.

தனபால் ரூமில் வாடகைக்கு இருக்கும் பையன்கள். நைட் ஷிப்ட். யூனிபார்ம்கூட மாற்றாமல், வெறும் தரையில், பிணம் மாதிரி தூக்கம். தட்டி எழுப்பினேன். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், இசக்கிமுத்து, பதறி எழுந்து கை கட்டி நின்றான். "மன்னிச்சிருங்கக்கா. ரூம்ல ஷீட்டு வேவுது, கெடக்க முடியல. மெஷின் முன்னால நின்னுக்கிட்டே ஒறங்கிருதோம். கை போயிரும்னு பயமா இருக்கு. இங்ஙன நாலு நாளா வாறோம். குளுகுளுன்னு கெடக்கு."

ஊரே வேண்டாம் என்ற வீட்டுக்குத் திருட்டுத்தனமாகத் தூங்க வருகிறார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

பாம்பு ஏதாவது பார்த்தீர்களா என்றும் கேட்டேன். இல்லையாம்.

மே 18, புதன்

சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. முதலில் வந்தது தனபால். அவர் ரூமுக்கு வாடகை கட்டும் பையன்கள் பஞ்சாயத்து வீட்டில் தூங்குவது நியாயமா என்று கேட்டார். எது அநியாயம் என்று அவருக்கே விளக்கத் தெரியவில்லை. போய்விட்டார்.

மதியம் கன்னியம்மா. கேன்டீனிலிருந்து வந்த வேகத்தில், சோப்புத் தண்ணீர் காயாத கையோடு நேரே அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் ஓடினேன். பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். யாரைக் கேட்டு என் வூட்டில் படுத்தீர்கள் என்று நடுவீட்டில் நின்று கேட்கிறாள்.

நீதான் வேண்டாம் என்றாயே என்றேன்.

"நான் வேணாம்னா, வேற யார்னா பூந்துக்கலாமா?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே அனல். உள்ளே, சத்தியமாக, நம்ப முடியவில்லை. திட்டிக்கொண்டே இருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள். தூங்கிவிட்டாள். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். எதிர்ச்சுவரில் நானும் சாய்ந்தேன், அவள் எழும்வரை இருக்கலாம் என்று.

விழித்தபோது நாலு மணி. எதிரே கன்னியம்மா கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சட்டுமா என்று கேட்டாள்.

நான் தூங்கியதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மே 20, வெள்ளி

பால் பொங்கியது, நல்ல திசையில். முன்சுவருக்கு நேற்றே பூச்சும் சுண்ணாம்பும். ஏழுமலை உள்ளே வந்து தலை நிமிராமல் நின்றார். காலிச் சட்டி பயம் அப்படியே இருக்கிறது. "குப்புறப் படு" என்றாள் கன்னியம்மா. முடிந்தது.

பையன்கள் போய்வருகிறோம் என்று கிளம்பினார்கள். முகமெல்லாம் வாடிப்போய். அவளே நிறுத்தினாள். பகலில் நடுவீட்டில் படுத்துக்கொள்ளலாம், தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், பீடி சிகரெட் கூடாது என்றாள். இசக்கிமுத்து அப்போதே குடத்தைத் தூக்கினான்.

மே 24, செவ்வாய்

பி.டி.ஓ. ஜீப் பகல் இரண்டு மணிக்கு. கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் ஊர் எல்லையிலேயே வரவேற்று, "வாங்க சார், நம்ம திட்டம் சார்" என்று ஆரம்பித்தவர் வீட்டு வாசல் வரை நிறுத்தவில்லை. வாசலில் கன்னியம்மா, உதட்டில் விரல்.

"மெதுவா பேசுங்க சார். நைட் ஷிப்ட்டு."

உள்ளே பார்த்தால் நால்வர். மூன்று பையன்கள், ஓரமாகக் குப்புற ஏழுமலை. பி.டி.ஓ. செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்தார். ஓவர்சியர் சுவரைத் தட்டப் போனார், கன்னியம்மா பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் ரகசியமாகப் பேச முயன்றார். அவருக்கு வராது. வாயைத் திறந்ததும் ஒரு பையன் புரண்டான். கன்னியம்மா வாசலைக் காட்டினாள். போய்விட்டார், பாவம், வேப்பமரத்தடிக்கு.

எனவே நான் சொன்னேன். சுவர் ஏன் அப்படி, சட்டி ஏன், எத்தனை நாள், எவ்வளவு மிச்சம், பூச்சு ஏன் வேண்டும். எல்லாம் கிசுகிசு குரலில். தலைவரான இந்த மூன்றரை வருஷத்தில் ஒரு அதிகாரியிடம் நான் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. பி.டி.ஓ.வும் கிசுகிசுப்பாகவே கேட்டார். கடைசியில் கூரையைப் பார்த்து, நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாமல் திரும்ப வைத்தார்.

ஜீப்பில் ஏறும்போது பி.டி.ஓ. என் வீட்டுக்காரரைத் தாண்டி வந்து என்னிடம் சொன்னார்: ஒன்பதுக்கும் எழுதிவிடுகிறேன் அம்மா.

வீட்டுக்கு வந்து யாரும் இல்லாதபோது கொஞ்சம் அழுதேன். பிறகு தோசை.

ஜூன் 13, திங்கள்

ஆர்டர் வந்தது. ஒன்பது வீடு, முன்சுவர் பூச்சோடு. அன்று ஒரு மாமியார் வந்து முடியாது என்றாரே, அவரே காலையில் முதல் ஆளாக வந்து, எங்கள் வீடு எப்போது என்று கேட்டுத் திண்டாட வைத்துவிட்டார்.

பொழுது சாயும் நேரம், பின்கட்டில் யாரோ இருமும் சத்தம். தனபால். முன்வாசல் வழியாக வரலாமே என்றேன். பரவாயில்லை என்றார். உட்காரவும் இல்லை. பிள்ளைப்பாக்கம் ரோட்டில் புதிதாக ஆறு ரூம் போடுகிறாராம். ஒரு ரூமுக்கு எத்தனை சட்டி பிடிக்கும்?

கிராம சபையில் எழுந்து கேளுங்கள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சொல்கிறேன் என்றேன்.

"ஆகஸ்ட்டு பதினஞ்சு வரைக்கும் ஆவுமேம்மா. பசங்க இப்பவே காலி பண்றேன்னு சொல்லிகினு கீறானுங்க."

ரொம்ப ஆசையாக இருந்தது, ஆகஸ்ட் வரை இழுக்க. ஆனால் வேகப்போவது அவர் இல்லையே. மேஸ்திரியை நாளைக் காலை அனுப்புகிறேன் என்றேன்.

"நான் வந்து கேட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவும் இல்லை. எழுதத்தான் செய்கிறேன்.